சரத்தோவ் நகரத்து வால்வுகள்

2022 மார்ச் நடுப்பகுதி. மரியுபோல் நகரம் முற்றுகைக்குள் இருந்தது. கீவுக்கு வெளியே ரஷ்யத் தாங்கிகள் நின்றன. போர்முனைச் செய்திகளும் எரிபொருள் விலைச் செய்திகளும் வந்து குவிந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல ஒரு சிறு செய்தியும் வெளியானது. அமெரிக்காவில் மின்கிட்டார் வாசிப்பவர்கள் வால்வுகளை வாங்கிச் சேமிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே அச்செய்தி. மேற்குலகம் விதித்த பொருளாதாரத் தடைகளுக்குப் பதிலடியாக, ரஷ்ய அரசாங்கம் 200 க்கும் அதிகமான பொருள் வகைகளின் ஏற்றுமதியை அவ்வருட இறுதிவரை நிறுத்தியிருந்தது. அந்த வலையில் இசைக் கருவிகளுக்கான வால்வுகளும் அகப்பட்டுக்கொண்டன.

ஒரு யுத்தம் எந்தெந்தப் பொருட்களைத் தட்டுப்பாடாக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். மண்ணெண்ணெய், சவர்க்காரம், உரம், சீமெந்து என்று நீளும் எமது பட்டியலில் பற்றரியும் இருந்தது. அதனால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வரலாறு யாழ்ப்பாணத்துக்கு உண்டு. ஆனால் கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு பேஸ் கிட்டார் கலைஞர், தமது அம்ப்ளிபயருக்கு வொல்கா நதிக்கரையிலிருந்து வால்வு வந்து சேருமா என்று கவலைப்படுவது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. அதன் பின்னணியைத் தேடிச் சென்றபோது கிடைத்த வரலாறுதான் இது.

வால்வு என்றதும் எமது தலைமுறையினருக்கு ஞாபகம் வருவது வீட்டு விறாந்தையில் தனி மேசையில் துணி விரித்து வைக்கப்பட்டிருந்த வானொலிப் பெட்டியே. திருகியதும் அது பாடாது. வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்கவேண்டும். பின்பக்க அட்டையின் துளைகளூடாகச் செம்மஞ்சள் வெளிச்சம் தெரியும். ஏதாவதொரு வால்வு 'போய்விட்டால்' திருத்துபவர் வந்து அதைப் பிடுங்கி, எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள இன்னொன்றைச் செருகிவிட்டுப் போவார். டிரான்சிஸ்டர் வந்தபின்னர் அந்தப் பெட்டிகள் மூலைக்குப் போய்விட்டன. உலகம் முழுவதிலும் அப்படித்தான் நடந்தது. ஒரேயொரு கூட்டத்தார் மாத்திரம் அந்தச் சூட்டையும் வெளிச்சத்தையும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டனர். அவர்கள் மின்கிட்டார் வாசிப்பவர்கள்.

வால்வு என்ற பெயரை வைத்தவர் பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் அம்புரோஸ் பிளெமிங். வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் சூடாக்கிய இழையொன்றையும் அதன் எதிரே ஓர் உலோகத் தகட்டையும் வைத்தால், மின்சாரம் ஒரு திசையில் மாத்திரமே பாயும் என்பதைக் கண்டு 1904 இல் அவர் காப்புரிமை பெற்றார். நீர்க்குழாயின் வால்வும் நீரை ஒரு பக்கத்துக்கு மாத்திரம் விடுவதால் அப்பெயர் பொருந்தியது. அமெரிக்கர்கள் அதை 'டியூப்' என்றே அழைத்தனர். நாம் பிரித்தானியரைப் பின்பற்றினோம். லீ டி பொரெஸ்ட் என்ற அமெரிக்கர் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி வலையைச் செருகி, 1908 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வலையில் கொடுக்கப்படும் மிகச்சிறிய மின்சமிக்ஞை, தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. நலிந்த ஒலியைப் பெருக்கும் வித்தை அவ்வாறுதான் மனிதனுக்குக் கைவந்தது. தமது கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பது டி பொரெஸ்டுக்கே சரியாக விளங்கியிருக்கவில்லை. குமிழுக்குள் சிறிதளவு வாயு இருக்கவேண்டும் என்று அவர் நம்பினார். வாயுவை முற்றாக அகற்றினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்பதை வேறு விஞ்ஞானிகள் நிரூபித்தனர். 1915 ஜனவரியில் நியூயோர்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை தொலைபேசியில் பேசமுடிந்தது அதன் பின்னர்தான்.

வால்வின் பிள்ளைப்பருவமே யுத்தத்தோடு கழிந்தது. முதலாவது உலக யுத்தத்தில் வானொலித் தொடர்புக்காகவும், இரண்டாவது உலக யுத்தத்தில் ராடருக்காகவும் வால்வுகள் இலட்சக்கணக்கில் உற்பத்தியாகின. யுத்தம் கழித்துவிட்டதை இசை எடுத்துக்கொள்வதும் அப்போதே தொடங்கிவிட்டது. 1920 களில் கொழும்பில் ஒலிபரப்பை ஆரம்பித்த எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே முதல் ஒலிபரப்பியைப் பொருத்தினார் என்று சொல்லப்படுவதுண்டு. மவுண்ட்பேட்டன் பிரபுவின் படைகளுக்காக இயங்கிய வானொலிதான் யுத்தம் முடிந்தபின் எமது இலங்கை வானொலியின் கையில் கிடைத்து, தென்னாசியா முழுவதற்கும் பாட்டுப் போட்டது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர், 1951 இல் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயரத்துக்கு நிற்கும் மரவயலினைச் சுமந்து திரிந்த பேஸ் கலைஞர்கள், தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியைப் பெற்றனர். ஆனால் அதன் தந்திகளுக்குத் தனியே ஓசை இல்லை. அம்ப்ளிபயர் இல்லாவிட்டால் பேஸ் கிட்டார் வெறும் பலகை. ஆகவே அடுத்த ஆண்டே 'பேஸ்மன்' என்ற அம்ப்ளிபயரையும் பெண்டர் வெளியிட்டார். அதை பேஸ் கலைஞர்களைவிடச் சாதாரண கிட்டார் கலைஞர்களே அதிகம் விரும்பியது ஒரு வேடிக்கை. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962 இல் தமது முதல் அம்ப்ளிபயரைச் செய்தபோது மாதிரியாக வைத்துக்கொண்டது பேஸ்மனையே.

நியூஜேர்சியில் எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர் அம்பெக் என்ற நிறுவனத்தை நடத்திவந்தார். பெரிய மரவயலின் நிலத்தில் ஊன்றி நிற்கும் முளைக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தும் உத்தியைக் கண்டவர் அவர். 'அம்ப்ளிபை செய்யப்பட்ட முளை' என்பதன் சுருக்கமே அம்பெக். ஹலுக்கு ரொக் இசை என்றாலே பிடிக்காது. ஜாஸ் கலைஞர்களுக்குத் தெளிந்த ஒலி கொடுப்பதே தமது பணி என்று அவர் கருதினார். 1960 இல் அந்நிறுவனம் வெளியிட்ட பி-15 என்ற அம்ப்ளிபயர் ஒலிப்பதிவுக் கூடங்களில் நீண்டகாலம் நிலைத்தது. ஆனால் அதன் சக்தி 30 வொட் அளவுதான். 1960 களின் பிற்பகுதியில் ரொக் இசை விளையாட்டரங்குகளுக்குப் போனபோது அது போதவில்லை.

பேஸ் கிட்டாரின் அடித்தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவைகள் அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காது எளிதில் பிடிப்பதில்லை. ஆகவே கிட்டாரின் சத்தத்துக்கு ஈடாக பேஸ் கேட்கவேண்டுமானால் அதற்குப் பலமடங்கு சக்தி வேண்டும். ஹல் நிறுவனத்தை விற்றுவிட்டுப் போனபின்னர், அங்கிருந்த பொறியியலாளர்கள் 1969 இல் 300 வொட் சக்தியுள்ள எஸ்விடி என்ற அம்ப்ளிபயரை வடிவமைத்தனர். ஏறத்தாழ 40 கிலோகிராம் எடை. உள்ளே 14 வால்வுகள். அவ்வருடம் அமெரிக்காவுக்கு வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பிரித்தானியாவிலிருந்து கொண்டுவந்த அம்ப்ளிபயர்கள் ஒத்திகையிலேயே பழுதடைந்துவிட, இன்னும் கடைக்கு வராத எஸ்விடி மாதிரிகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. நவம்பரில் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் ஒலித்தவை அவைதான்.

எமது கதைக்கு முக்கியமானது அந்த 14 இல் பெரிய வால்வுகளான ஆறு. இறுதிச் சக்தியை வெளியேற்றுபவை அவை. முதல் எஸ்விடிகளில் 6146பி என்ற வால்வு பயன்பட்டது. அது இசைக்காகப் பிறந்ததல்ல. வானொலி ஒலிபரப்பிகளுக்காக ஆர்சிஏ நிறுவனம் செய்தது. மேடையில் அது அடிக்கடி தொல்லை கொடுத்ததால் சில வருடங்களில் 6550 என்ற வால்வுக்கு மாறினார்கள். பழைய அம்ப்ளிபயர்கள் பலவும் பின்னர் அவ்வாறே மாற்றியமைக்கப்பட்டன.

அம்ப்ளிபயரின் மரப்பெட்டி ஐம்பது வருடம் நிற்கும். மின்மாற்றியும் நிற்கும். வால்வு நிற்காது. அதன் நடுவிலுள்ள கதோட்டுக்குப் பூசப்பட்டிருக்கும் பேரியம், ஸ்ரொன்ரியம் சேர்வைகளே இலத்திரன்களை உமிழ்கின்றன. அந்தப் பூச்சு நாளடைவில் தேய்ந்துபோகும். தொடர்ந்து மேடையேறும் ஒருவருடைய சக்தி வால்வுகள் ஓரிரு வருடங்களில் களைத்துவிடும். ஆகவே 1969 இல் செய்யப்பட்ட ஓர் எஸ்விடி இன்று பாடுகிறது என்றால், அதன் வால்வுகள் பல தடவைகள் மாற்றப்பட்டிருக்கும். 1950 களில் அமெரிக்கர்களுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. மருந்துக் கடைகளில்கூட வால்வு சோதிக்கும் இயந்திரம் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பிடுங்கிய வால்வைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்து, புதியதை அங்கேயே வாங்கிவரலாம்.

பிறகு அந்த இயந்திரங்கள் போயின. கடைகள் போயின. தொழிற்சாலைகளும் போயின. 1947 இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், முப்பது வருடங்களுக்குள் வால்வுத் தொழிலைச் சாய்த்துவிட்டது. நியூஜேர்சியின் ஹரிசன் நகரில் இருந்த ஆர்சிஏ வால்வுத் தொழிற்சாலை 1976 இல் மூடப்பட்டது. தோமஸ் எடிசன் 1880 களில் மின்குமிழ் செய்த அதே இடம் அது. கண்ணாடிக் குமிழும் உள்ளே எரியும் இழையுமாக ஒரே வளவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நடந்த கைத்தொழில் அத்துடன் முடிந்தது. பிரித்தானியாவில் மல்லார்ட், ஜேர்மனியில் டெலிபுங்கன் என்று மேற்குலகின் ஏனைய பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வால்வு செய்வதை நிறுத்தின. கணக்காளர்களின் கண்ணோட்டத்தில் அம்முடிவு சரியானதுதான். தொலைக்காட்சிக்குத் தேவையில்லாத ஒரு பொருளைச் சில ஆயிரம் கிட்டார் கலைஞர்களுக்காக யார் உற்பத்தி செய்வார்கள்?

அதே 1976 இன் செப்டெம்பர் 6 ஆம் திகதி சோவியத் விமானி விக்டர் பெலென்கோ, மிக்-25 போர்விமானமொன்றை ஜப்பானின் ஹக்கொடாத்தே விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினார். அமெரிக்கரின் நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்த விமானம் அது. ஜப்பானியரும் அமெரிக்கரும் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே வால்வுகள் இருந்தன. மேற்குப் பத்திரிகைகள் சிரித்தன. சோவியத் தொழில்நுட்பம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று எழுதின. ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஆனால் 600 கிலோவொட் அளவிலான அந்த விமானத்தின் ராடர் சக்தியை அக்காலத்து டிரான்சிஸ்டர்களால் தந்திருக்க முடியாது. இன்னொரு காரணத்தையும் பொறியியலாளர்கள் சுட்டிக்காட்டினர். அணுகுண்டு வெடிப்பின்போது எழும் மின்காந்த அதிர்வை டிரான்சிஸ்டரைவிட வால்வு நன்றாகத் தாங்கும். 1962 ஜூலையில் பசிபிக் சமுத்திரத்தின் மேலே வான்வெளியில் அமெரிக்கா நடத்திய அணுச்சோதனை, ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹவாயில் வீதி விளக்குகளை அணைத்திருந்தது. காரணம் பின்தங்கலோ முன்யோசனையோ, சோவியத் ஒன்றியம் தனது வால்வுத் தொழிற்சாலைகளை மூடவில்லை.

அவற்றில் ஒன்று வொல்கா நதிக்கரையிலுள்ள சரத்தோவ் நகரில் இருந்தது. யூரி ககாரின் தொழில்நுட்பக் கல்வி பயின்ற நகரம் அது. இராணுவத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்தமையால் சோவியத் காலத்தில் வெளிநாட்டவர் அங்கு நுழையமுடியாது. பனிப்போர் முடிந்தபோது இராணுவக் கொள்வனவு நின்றது. வால்வு செய்யத் தெரிந்த கைகள் இருந்தன, வாங்க ஆளில்லை. நியூயோர்க்கில் வாங்க ஆளிருந்தார்கள், செய்யும் கைகள் இல்லை. இந்த இரண்டையும் இணைத்தவர் மைக் மத்தியூஸ். கிட்டார் ஒலியை மாற்றும் சிறு பெட்டிகளைத் தயாரித்துவந்த இவருடைய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1980 களில் நொடித்துப்போயிருந்தது. 'சோவ்டெக்' என்ற பெயரில் ரஷ்ய வால்வுகளை இறக்குமதி செய்து மீண்டும் எழுந்த அவர், 1990 களின் இறுதியில் சரத்தோவ் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். அது இலகுவாக அமையவில்லை. 2006 இல் அத்தொழிற்சாலையை வற்புறுத்தி வாங்க உள்ளூரில் நடந்த முயற்சிகள் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் செய்தியாகின. அவர் விற்க மறுத்துவிட்டார்.

மத்தியூஸ் இன்னொன்றும் செய்தார். மேற்குலகம் கைவிட்ட வால்வுப் பெயர்களின் உரிமைகளையும் வாங்கினார். டங்-சோல் என்ற அமெரிக்க நிறுவனமே 1950 களில் 6550 வால்வை முதலில் வெளியிட்டது. இன்று ஒரு கலைஞர் தமது எஸ்விடிக்காக டங்-சோல் பெயர் பொறித்த 6550 ஐ வாங்கினால், அது சரத்தோவில் செய்யப்பட்டதாகும். மல்லார்ட் என்ற பெயரோடு விற்கப்படும் புதிய வால்வும் அவ்வாறே. இங்கிலாந்தின் பிளக்பேர்ண் நகரத் தொழிலாளர்கள் ஈட்டிக்கொடுத்த நற்பெயர், ரஷ்யத் தொழிலாளரின் கைவேலையின் மீது ஒட்டப்படுகிறது. இதை மோசடி என்று சொல்பவர்களும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பெயரை விற்றுவிட்டு வேலையைக் கைவிட்டவர்களைவிட, வேலையைக் கைவிடாதவர்களுக்கே அப்பெயர் அதிகம் சேரும். சரத்தோவ் என்ற பெயரையும் அதன்மேல் பெரிதாகப் பொறித்திருக்கலாம் என்பதே எனது குறை.

சரத்தோவுக்கு வெளியே மிஞ்சியவை வெகு சில. ஸ்லோவாக்கியாவின் சட்சா நகரில், பழைய செக்கோஸ்லோவாக்கிய அரசாங்க நிறுவனமான டெஸ்லாவின் வாரிசாக ஜேஜே எலெக்ட்ரோனிக் இயங்குகிறது. அதுவும் ஒருகாலத்தில் இரும்புத்திரைக்கு அப்பாலிருந்த நாடு. சீனாவின் சாங்ஷா நகரில் ஷுகுவாங் தொழிற்சாலை இருந்துவந்தது. ரொக் இசையை முதலாளித்துவச் சீரழிவு என்று ஒதுக்கிவைத்த நாடுகளின் தொழிற்சாலைகளே அந்த இசையின் உயிர்நாடியைக் காப்பாற்றிக் கொடுத்தன.

2022 மார்ச்சின் பீதி நீண்டகாலம் நிற்கவில்லை. சில வாரங்களுக்குள் வால்வு ஏற்றுமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்ததாக மத்தியூஸ் அறிவித்தார். ஆனால் ஏப்ரலில் ரஷ்யாவுடனான வழமையான வர்த்தக உறவை அமெரிக்கா இடைநிறுத்தியதால், ரஷ்ய வால்வுகள் மீது 35 வீதத் தீர்வை விழுந்தது. விலைகள் ஏறின. ஜோர்ஜியா மாநிலத்தின் ரொஸ்வில் நகரில், இசை கேட்பவர்களுக்கான விலையுயர்ந்த வால்வைச் செய்துவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம், கிட்டார் வால்வுகளையும் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. சொல்வது எளிது. கம்பி வலையைச் சுற்றுவதும், தகடுகளை மில்லிமீற்றரின் சிறு பங்கு இடைவெளியில் பொருத்துவதும், வெற்றிடமாக்கி மூடுவதும் நூலைப் படித்துக் கற்கும் வேலைகள் அல்ல. அவற்றைத் தெரிந்தவர்களை ஹரிசன் நகரம் 1976 இலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

வால்வு மாற்றும் வேலைக்கு வருகிறேன். பழைய வானொலிப் பெட்டியில் செய்ததுபோல எண்ணைப் பார்த்துச் செருகிவிட்டுப் போக எஸ்விடி இடம்கொடாது. அதன் சக்தி வால்வுகளின் தகடுகளில் 600 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. மின்னிணைப்பைக் கழற்றியபின்னரும் உள்ளேயிருக்கும் கொள்ளளவிகள் அந்த மின்னேற்றத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும். விஷயம் தெரியாமல் கைவைத்தால் உயிர்போகும். ஆறு வால்வுகளும் ஒரே அளவாக மின்னோட்டம் செலுத்துபவையாக, அளந்து தெரிந்தெடுக்கப்பட்டவையாக இருக்கவேண்டும். ஒன்று சோம்பேறியாக இருந்தால் மற்றவை அதன் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் இறந்துபோகும். புதியவற்றைச் செருகியபின், வாசிக்காமல் ஓய்வில் இருக்கும்போது அவற்றூடாக ஓடவேண்டிய மின்னோட்டத்தைச் சரிசெய்யவேண்டும். பயஸ் என்று அதைச் சொல்வார்கள். குறைந்தால் ஒலி வறண்டுபோகும். கூடினால் சாம்பல்நிறத் தகடு செந்தணலாகச் சிவக்கும். அப்படிக் கண்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.

சிறிய வால்வுகளிலும் ஒரு பொறி உண்டு. எஸ்விடியில் பயன்படும் 12டிடபிள்யூ7, பார்வைக்கு எங்கும் கிடைக்கும் 12ஏஎக்ஸ்7 போலவே இருக்கும். உண்மையில் அதன் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று வேறானவை. தவறி மற்றதைச் செருகினால் அம்ப்ளிபயர் வேலை செய்யும், குரல் மாறிவிடும். வால்வு நல்லதா என்பதைப் பென்சிலால் மெதுவாகத் தட்டியும் அறியலாம். தட்டும் ஓசை ஒலிபெருக்கியில் மணிபோலக் கேட்டால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது.

ஹரிசனில் செய்யப்பட்ட பழைய ஆர்சிஏ வால்வுகள் இப்போதும் சந்தைக்கு வருகின்றன. ஒருபோதும் பயன்படுத்தப்படாமல் இராணுவக் களஞ்சியங்களில் கிடந்தவை, இறந்துபோன வானொலி திருத்துநர்களின் கராஜ்களில் அட்டைப்பெட்டியோடு கண்டெடுக்கப்பட்டவை என்று பலவகை. புதிய ரஷ்ய வால்வைவிடப் பலமடங்கு விலை கொடுத்து அவற்றை வாங்குகிறார்கள். வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது குமிழின் உட்புறத்திலுள்ள கண்ணாடிபோன்ற வெள்ளிப் பூச்சை. மீதமுள்ள வாயுவை உறிஞ்சிக்கொள்வதற்காகத் தொழிற்சாலையில் பூசப்பட்ட பேரியம் அது. அறுபது வருடங்களுக்குப் பின்னரும் அது வெள்ளியாகப் பளபளத்தால் வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பினூடாகக் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வை எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் வாங்குவதில்லை.